பாதியில் நின்ற நாவல்



சொந்த வாழ்வின் அந்தரங்கங்களை ஓர் எழுத்தாளர் எதற்காக நூலாக்குகிறார் என்பது குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு நம்மிடம் தயாராக ஒரு விடை இருக்கிறது. மனப்பாரத்தை இறக்கிவைக்க எழுதுகிறார்கள் என்று சொல்லிவிடுவோம். எழுதினால் காயம் ஆறும் என்போம். நூல் வெளியீட்டு விழாக்களில் இதைச் சொல்லாத வாழ்த்துரை அபூர்வம். ஆனால் பாரத்தை இறக்கிவைக்க ஒரு நாட்குறிப்பு போதும். மனம்விட்டுப் பேச நெருங்கிய தோழி ஒருத்தி இருந்தால் போதும். அச்சாகி, விலை போட்டு, முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிற நூல் ஒன்று அதற்குத் தேவையே இல்லை. சொல்லப்போனால் நூல் பாரத்தைக் கூட்டத்தான் செய்கிறது. உறவுகள் முகம் திருப்பிக்கொள்கின்றன. ஊரில் பேச்சு கிளம்புகிறது. மறக்க நினைத்த ஒன்றைப் பற்றி ஆண்டுக்கணக்காக அந்நியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவும் தெரிந்தே எழுதுகிறார்கள்.

என் கட்சி இதுதான். இத்தகைய நூல்களில் நல்லவை எல்லாம் ஒரு கடனைத் தீர்க்க எழுதப்பட்டவை. எழுத்துக்குள் இடம் கிடைக்காமலே போய்விட்ட யாரோ ஒருவருக்கு எழுத்தாளர் பட்டிருக்கும் கடன் அது. அந்தக் கடனுணர்வு மெய்யானதா என்பதை அவருடைய பேட்டிகளில் தேடிப் பயனில்லை. நடையில் தேட வேண்டும். எப்படியெல்லாம் எழுத மறுத்தார், எந்த வடிவத்தைக் கைவிட்டார் என்று பார்த்தால் நோக்கம் வெளிச்சமாகிவிடும்.

அதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று அன்னி எர்னோ. 2022இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர். 1940இல் பிறந்து, நார்மண்டிப் பகுதியின் இவ்தோ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பெற்றோர் அங்கே மளிகைக்கடையும் அதை ஒட்டி ஒரு சிறு மதுக்கடையும் நடத்தினார்கள். தந்தை 1899இல் பிறந்தவர். 12 வயதில் பள்ளியை விட்டு நிறுத்திப் பண்ணை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆலைத் தொழிலாளி ஆனார், அதற்கும் பிறகு கடைக்காரர். மகள் படித்தார், மேலும் படித்தார், 1967இல் லியோன் நகரில் ஆசிரியப் பணிக்கான செய்முறைத் தேர்வில் தேறினார். இரண்டு மாதம் கழித்துத் தந்தை இறந்துபோனார்.

தந்தையைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதே எழுந்தது. சில ஆண்டுகள் கழித்து அவரை நாயகராக வைத்து ஒரு நாவலைத் தொடங்கினார். பாதி வழியில் அருவருப்பு வந்துவிட்டது, நிறுத்திவிட்டார். இந்தத் தகவலை எர்னோ யாருக்கோ கொடுத்த பேட்டியில் சொல்லவில்லை. 1982 நவம்பரில் தொடங்கி 1983 ஜூனில் முடித்த 'லா பிளாஸ்' என்ற சின்னஞ்சிறு நூலுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார். வயிற்றுப்பாட்டின் நெருக்கடியே ஆட்டிவைத்த ஒரு வாழ்க்கையைச் சொல்லும்போது, கலையின் பக்கம் சாய்ந்துகொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்கிறார். நெஞ்சை உருக்கும் ஒன்றையோ விறுவிறுப்பான ஒன்றையோ ஆக்கித்தர முயலக் கூடாது என்று தனக்குத் தானே விதித்துக்கொள்கிறார். வீட்டை விட்டு வெளியே இருந்த நாட்களில் பெற்றோருக்குச் செய்தி சொல்லக் கடிதம் எழுதிய அதே தட்டையான நடை இந்த நூலுக்குப் போதும் என்று முடிவு செய்கிறார்.

இதைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்த நாவலை முடித்திருந்தால் படித்தவர்கள் அழுதிருப்பார்கள். ஏழைத் தகப்பன், படித்து மேலே போன மகள், இடையில் வளரும் மௌனம் என்று எல்லாச் சரக்கும் கையில் இருந்தது. எழுதுகிறவர் தம் மனத்தை ஆற்றிக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. எர்னோ அதைத்தான் தூக்கிப் போட்டார். ஏனென்றால் அந்த நாவலில் தந்தை ஒரு கதாபாத்திரமாக, மகளின் திறமையைக் காட்ட உதவும் பொருளாக ஆகியிருப்பார். நாவல்களை ரசிக்கத் தெரிந்த வர்க்கத்தின் முன்னால், அந்த வர்க்கத்துக்குப் பிடித்த பாவனையில், அவரை நிறுத்தியிருப்பார்கள். உயிரோடு இருந்தபோது அந்த வர்க்கத்தின் முன்னால்தான் அவர் கூசிக் குறுகி நின்றார். நூலின் முகப்பில் துரோகத்தைப் பற்றிய ஜான் ஜெனேயின் ஒரு வரியை எர்னோ வைத்திருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். படிப்பு தன்னைத் தந்தையிடமிருந்து பிரித்து மறுபக்கம் சேர்த்துவிட்டது என்ற குற்றவுணர்வு. அந்தக் குற்றவுணர்வோடு இன்னொரு துரோகத்தைச் சேர்த்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை.

அந்தத் தட்டையான நடை என்ன செய்கிறது என்று ஒரு காட்சியில் காட்டுகிறேன். சிறுமிக்கு 12 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவோடு நகராட்சிக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில் ஏறிப் போகிறாள். பொது நூலகத்தைத் தேடுகிறார்கள். இருவருக்கும் அதுதான் முதல் முறை. கதவுக்கு அப்பால் சத்தமே இல்லை. அப்பா கதவைத் தள்ளுகிறார். உள்ளே மாதா கோவிலைவிட அமைதி. நடந்தால் பலகைத் தரை முனகுகிறது. புத்தக அடுக்குகளை மறித்துக்கொண்டு உயரமான ஒரு மேடை. அதன் பின்னாலிருந்து இரண்டு ஆண்கள் இவர்கள் வருவதையே பார்க்கிறார்கள். கேட்கும் பொறுப்பை அப்பா மகளிடம் விட்டுவிடுகிறார். புத்தகம் எடுக்க வந்திருக்கிறோம் என்கிறாள் சிறுமி. எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார்கள். மகளுக்கு மெரிமேயின் 'கொலோம்பா', அப்பாவுக்கு மோப்பசானின் இலேசான நாவல் ஒன்று. பிறகு அந்த நூலகத்துக்கு அவர்கள் போகவே இல்லை. புத்தகங்களை அம்மாதான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் கெடு தாண்டி இருக்கலாம்.

இவ்வளவுதான் காட்சி. அப்பா அவமானப்பட்டார் என்று எர்னோ எழுதவில்லை. மகளின் கண் கலங்கியதாகவும் இல்லை. நூலகர்களைக் கடிந்து ஒரு சொல் கிடையாது. அவர்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளவும் இல்லை, கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். ஓர் அடைமொழி சேர்த்திருந்தால் நம் இரக்கம் அந்த மனிதர் மேல் பாய்ந்திருக்கும். சேர்க்காததால் அந்த உயர்ந்த மேடையின் முன்னால் நாமே போய் நிற்கிறோம். இதே நூலில் இன்னோர் இடம். நோட்டரி அலுவலகத்தில் ஒரு பத்திரத்தில் படித்து ஒப்புக்கொண்டதாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாமல் தந்தை பிழையாக எழுதிவிடுகிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிழையே மனத்தைக் குடைகிறது. அவர் இறந்த பின் அவருடைய பணப்பையைத் திறந்து பார்த்தால் பழைய செய்தித்தாள் துண்டு ஒன்று இருக்கிறது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நுழைவுத் தேர்வின் முடிவுகள், அதில் இரண்டாவது பெயர் மகளுடையது. அதை எத்தனை ஆண்டுகள் அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது குறித்து ஒரு பெருமூச்சுகூட நூலில் கிடையாது. இந்த அரங்கில் வீட்டின் முதல் பட்டதாரிகளாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்காக வங்கிப் படிவம் நிரப்பிய கைகள் உங்களுடையவை.

'லா பிளாஸ்' 1984இல் ரெனோதோ பரிசு பெற்றது. அது இருக்கட்டும். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த நூலில் தந்தைக்குப் பெயர் கிடையாது, 'என் தந்தை' என்பதோடு சரி. இவ்தோ என்ற ஊர்ப்பெயரும் முதலெழுத்தோடு நின்றுவிடுகிறது. இவ்வளவு சொந்தமான நூலில் பெயர்கள் ஏன் இல்லை என்று பிரெஞ்சு விமரிசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மனித உள்ளத்தின் ஆக அந்தரங்கமான பகுதியைப் பாட எடுத்துக்கொண்ட நம் அகத்திணைக்குத் தொல்காப்பியர் வைத்த சட்டமே, யாரையும் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது. உள்ளே இருப்பதைப் பேசு, ஆள் அடையாளத்தை விட்டுவிடு. அப்போது ஒருத்தியின் துயரம் அந்த நிலையில் இருக்கும் எல்லாருடையதும் ஆகிவிடும். ஆனாலும் சொந்த வாழ்வு எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை. பிரிந்த கணவனைத் தேடி வெள்ளிவீதி அலைந்ததை ஔவையார் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் உவமையாகச் சொல்கிறார். ஒரு பெண் கவிஞரின் சொந்தத் துயரத்தை இன்னொரு பெண் கவிஞர் பெயர் சொல்லிப் பதிவு செய்த இடம் அது. எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நம் மரபு தன்னைப் பற்றிப் பேசுவதை ஐயத்தோடு பார்த்தது என்பதும் உண்மைதான். எவ்வளவு அரிய நூல் செய்தவராயினும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது நன்னூல் பாயிரம். உடனே நான்கு இடங்களுக்கு விலக்கும் தருகிறது. அரசவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் புலவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதினார். ஆனால் இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பாருங்கள். அறியப்படாதவர்களும் பழிக்கப்பட்டவர்களும் தங்களைப் பற்றித் தாங்களே பேசலாம் என்று ஆகிறது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தமிழில் வந்த மிக முக்கியமான தன்வரலாறுகள் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வந்தன.

அவற்றில் முதலில் நிற்பது பாமாவின் 'கருக்கு'. 1992இல் வெளிவந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே கண்ட சாதிப் பாகுபாடும் ஏழைகளைப் பற்றிய பாராமுகமும் பொறுக்காமல் வெளியேறி, கையில் எதுவும் இல்லாமல் நின்ற நாட்களில் எழுதிய நூல். அதில் சொல்லப்பட்ட செய்திகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் மொழியைப் பற்றிச் சொல்கிறேன். பாமா படித்தவர், ஆசிரியை. பாடப்புத்தகத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தமிழில் எழுதியிருந்தால் மதிப்புரை எழுதியவர்களில் பாதிப்பேருக்கு எந்தச் சங்கடமும் இருந்திருக்காது. அவர் தம் தெருவின் பேச்சை எடுத்துக்கொண்டார். இரண்டொரு உரையாடல்களில் மட்டும் அல்ல, கதை சொல்லும் குரலையே அந்தப் பேச்சில் வைத்தார். காலவரிசைப்படி பிறந்தேன் வளர்ந்தேன் என்று போகாமல், நினைவு போன போக்கில், ஊரையும் விளையாட்டையும் உழைப்பையும் மடத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னார். தன் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை. கொச்சை என்றார்கள் அப்போது. அந்தக் கொச்சைதான் அவருடைய நோக்கத்துக்குச் சாட்சி. தன் பாரத்தை மட்டும் இறக்கிவைக்க வந்தவருக்குப் பாட்டியின் பேச்சு எதற்கு? அந்தப் பேச்சுக்கு அச்சில் இடம் வாங்கித் தர வந்தவருக்குத்தான் அது தேவை. கே.ஏ. குணசேகரனின் 'வடு' 2005இல் வந்தபோது அதே நேர்ப்பேச்சு அவருக்கும் இயல்பாக வாய்த்தது. மேடையில் பாடிப் பழகிய குரல் அந்த நூல் முழுக்கக் கேட்கிறது.

இங்கே உ.வே.சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியாது. 'என் சரித்திரம்' அவராக விரும்பித் தொடங்கிய நூல் அல்ல. பிறர் வற்புறுத்தலால், தள்ளாத வயதில், 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதினார். 1942இல் அவர் மறைந்தபோது அது நின்றது. தலைப்பு 'என் சரித்திரம்'. உள்ளே போனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கண்ணெதிரே நடமாடுகிறார். அவர் பாடம் சொன்ன விதம், பணமுடை, மாணவர்களை வயிறார உண்ண வைத்துவிட்டுத்தான் ஓய்ந்த மனம், எல்லாம் அங்கே இருக்கின்றன. பிள்ளையவர்களின் வரலாற்றை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இரண்டு பாகங்களாக ஐயர் தனி நூலாக எழுதி வெளியிட்டுவிட்டார். எழுதி முடித்த பிறகும், 1876இல் மறைந்த ஆசிரியருக்குப் பட்ட கடன் தீரவில்லை. தன் கதையைச் சொல்லச் சொன்னபோது மறுபடி அவர் கதையைத்தான் சொன்னார்.

மீண்டும் எர்னோவிடம் வருகிறேன். 1963–64 குளிர்காலத்தில் அவர் ரூவான் நகரில் மாணவி, வயது 23. கருவுற்றார். பிரான்சில் அன்று கருக்கலைப்பு குற்றம். செய்துகொண்டவருக்கும், செய்தவருக்கும், விலாசம் சொன்னவருக்கும் தண்டனை உண்டு. பாரிஸில் ஒரு வயதான செவிலி இரகசியமாகச் செய்துவிட்டார். இரத்தப்போக்கு நிற்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். இளம் மருத்துவர் ஒருவர் எரிந்து விழுந்தார். பிறகுதான் அவருக்கு இந்தப் பெண் கல்லூரி மாணவி, தன்னைப் போலப் படித்தவள் என்று தெரியவந்தது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வருத்தப்பட்டாராம். ஆலைத் தொழிலாளி என்று நினைத்துத்தான் அப்படித் திட்டியிருக்கிறார். இந்த ஒரு விவரத்துக்காகவே, இதைச் சொல்லும் அவருடைய நூலை எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் படிக்க வைக்க வேண்டும்.

இந்த அனுபவத்தை எர்னோ இரண்டு முறை எழுதினார். முதலில் 1974இல், தமது முதல் நாவலில், வேறொரு பெண்ணுக்கு நேர்ந்ததாக. அடுத்த ஆண்டே பிரான்சில் சட்டம் மாறியது, கருக்கலைப்பு சட்டப்படியானது. இனி எழுத என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆற வேண்டிய காயம் என்றால் அதற்குள் ஆறியிருக்கும். ஆனால் 2000இல், தமக்கு அறுபது வயதாகும் ஆண்டில், புனைவின் திரையை நீக்கிவிட்டு, 'நான்' என்றே மறுபடி எழுதி வெளியிட்டார். காரணத்தை நூலிலேயே சொல்கிறார். சட்டம் மாறியதும் பழைய காலத்துப் பெண்கள் பட்டது மூடி மறைந்துபோகிறது. தான் எழுதாமல் விட்டால் அந்த மறைப்புக்குத் தானும் உடந்தை. அதோடு, இது தனக்கு நேர்ந்ததே சொல்வதற்காகத்தானோ என்றும் எண்ணுகிறார். அந்த மறு எழுத்தில் நாள், தெரு, கொடுத்த பணம் எல்லாம் துல்லியமாக வருகின்றன. பழைய நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் நிற்பவர்போல எழுதுகிறார். 2021இல் அந்நூலைத் தழுவிய படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்றபோது, தங்கள் நாட்டில் இன்னும் அந்தச் சட்டம் இருக்கிறதே என்று எண்ணிப் பார்த்த பெண்கள் உலகில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

புனைவை விட்டு மெய்க்கு வந்தவர் எர்னோ. அப்படியானால் புனைவு மறைவிடம்தானா என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு ஜப்பானில் எழுத்தாளர் கென்சாபுரோ ஓயே இருக்கிறார்.

1963 ஜூனில், ஓயேவுக்கு 28 வயதாக இருந்தபோது, மூத்த மகன் பிறந்தான். மண்டையோட்டில் குறை, மூளை வெளியே பிதுங்கியிருந்தது. அறுவை செய்யாவிட்டால் குழந்தை இறந்துவிடும், செய்தால் பிழைத்தாலும் கடுமையான குறைபாட்டோடு வாழும் என்றார்கள். அந்தக் கோடையில் ஓயே ஒரு கட்டுரைப் பணிக்காக ஹிரோஷிமா போனார். அணுகுண்டில் தப்பியவர்களையும், அவர்களுக்கு ஆண்டுக்கணக்காக வைத்தியம் பார்த்த மருத்துவர் ஷிகெதோவையும் கண்டார். தாமே கதிர்வீச்சுக்கு ஆளான அந்த மருத்துவர், மருந்து என்ன என்று தெரியாத நோய்க்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் செய்ய முடிந்ததைச் செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்த ஓயே மகனை வாழ வைப்பது என்று உறுதி கொண்டார். ஹிகாரி என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆண்டில் ஓயே இதை இரண்டு விதமாக எழுதினார். ஒரு சிறுகதை, அதில் தந்தை குழந்தையைச் சாக விடுகிறார். பிறகு தெரிகிறது, மூளையில் இருந்தது அறுத்து எடுத்திருக்கக்கூடிய சாதாரணக் கட்டிதான். அதன்பின் அந்தக் குழந்தை வெள்ளைப் பருத்தி அங்கியோடு, கங்காரு அளவு பெருத்து, வானத்திலிருந்து இறங்கி இறங்கி வந்து தந்தையை ஆட்டிவைக்கிறது. இரண்டாவது, நமக்கெல்லாம் தெரிந்த 'தனிப்பட்ட விஷயம்' நாவல். அதில் பேர்ட் என்ற இளைஞன் ஆப்பிரிக்கா போகும் கனவோடு வரைபடம் வாங்குகிறான். குழந்தை தானாகவே இறந்துபோகட்டும் என்று காத்திருக்கிறான், குடிக்கிறான், பழைய காதலியிடம் ஒளிந்துகொள்கிறான், கடைசியில் அறுவைக்குச் சம்மதிக்கிறான். அந்த நல்ல முடிவு ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது என்று எழுத்தாளர் மிஷிமா உட்படப் பலர் குறை சொன்னார்கள். இலக்கிய நோக்கில் அதில் நியாயம் இருக்கலாம். நான் பார்ப்பது வேறு. ஒரு தந்தை, தொட்டிலில் மகன் கிடக்க, தான் அவனைக் கொன்றிருக்கக்கூடிய வாழ்க்கையை முழுக்க எழுதிப் பார்க்கிறார். தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தால் நேரடித் தன்வரலாறு எழுதியிருப்பார், அதில் அறுவைக்கு இசைந்த தந்தையாக நின்றிருப்பார். தான் எவ்வளவு தூரம் தாழ்ந்திருக்கக்கூடும் என்று சொல்லத்தான் அவருக்குப் புனைவு தேவைப்பட்டது. கடன் யாருக்கு என்பது இங்கே தெளிவு. ஒரு சொல்லும் பேச முடியாத அந்தப் பிள்ளைக்கு.

அந்தப் பிள்ளை பல ஆண்டுகள் பேசவில்லை. மனிதக் குரலுக்குத் திரும்பியும் பார்க்கவில்லை. பறவைக் குரல்களுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. பெற்றோர் பறவைக் குரல்களின் ஒலித்தட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு குரலுக்குப் பின்னும் அறிவிப்பாளர் அந்தப் பறவையின் பெயரைச் சொல்வார். ஒரு கோடையில், மலைப்பகுதியில் இருந்த அவர்களுடைய சிறு வீட்டுக்கு அருகே, ஓயே மகனைத் தோளில் சுமந்துகொண்டு காட்டில் நடக்கிறார். ஒரு நீர்ப்பறவை கூவுகிறது. தலைக்கு மேலிருந்து, அந்த அறிவிப்பாளரின் நிதானமான குரலில், பறவையின் பெயர் கேட்கிறது. தன் காதுதான் ஏமாற்றுகிறதோ என்று ஓயே அசையாமல் நிற்கிறார். பறவை இன்னொரு முறை கூவ வேண்டுமே என்று வேண்டிக்கொள்கிறார். அது கூவுகிறது. மகன் மறுபடி சொல்கிறான். ஹிகாரி பேசிய முதல் மனிதச் சொற்கள் அவைதான் என்று 1994 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நோபல் உரையில் ஓயே உலகத்துக்குச் சொன்னார்.

ஹிகாரி பிறகு பியானோ கற்று இசையமைப்பாளர் ஆனார். 1992இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. நோபல் பெற்ற காலத்தில் ஓயே ஓர் அறிவிப்புச் செய்தார். மகனுக்காகப் பேசவே எழுதினேன், அவனுக்கு இப்போது சொந்தக் குரல் கிடைத்துவிட்டது, இனி நாவல் எழுத மாட்டேன் என்பது அதன் சாரம். மனமார்ந்த அறிவிப்பு. ஆனால் 1999இல் பெரிய நாவலோடு திரும்பி வந்தார். மைத்துனரும் திரைப்பட இயக்குநருமான ஜூசோ இதாமி 1997இல் இறந்தது அடுத்த நாவலுக்கு வித்தானது. 2023இல் மறைவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புவரை நாவல் எழுதிக்கொண்டுதான் இருந்தார். தம் நோக்கத்தைப் பற்றி எழுத்தாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நேர்மையான சான்று கிடையாது. ஒரு கடன் தீர்ந்ததாகத் தோன்றும்போது அடுத்த மரணம் வருகிறது, அடுத்த கணக்கு தொடங்குகிறது.

சில வேளைகளில் நோக்கம் வெளியே இருந்தும் வருகிறது. உ.வே.சா.வுக்கு வந்ததுபோல எர்னோவுக்கும் ஒரு பதிப்பகத்திடமிருந்து அழைப்பு வந்தது. இதுவரை எழுதாத ஒரு கடிதத்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். அவர் தம் அக்காவுக்கு எழுதினார். அக்கா 1938இல், ஆறு வயதில், தொண்டை அடைப்பான் நோயில் இறந்துவிட்டாள். எர்னோ பிறந்ததே அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. வீட்டில் ஒருவரும் அவளைப் பற்றி இவரிடம் பேசியதில்லை. 1950 கோடையில், பத்து வயதுச் சிறுமியாகப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. போன பெண் இவளைவிட நல்லவள் என்றும் சொன்னார் அம்மா. அதற்குப் பிறகு, பெற்றோர் இறக்கும்வரை, இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 2011இல், அந்தக் கடிதம் சிறு நூலாக வந்தது. பதிப்பகம் கேட்டிராவிட்டால் அது எழுதப்படாமலே போயிருக்கலாம். கேட்டதும் உடனே யாருக்கு எழுதுவது என்று தெரிந்திருந்தது.

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த வளாகத்திலும் காலையில் ஒரு மாணவி கேட்டார். அம்மா உயிரோடு இருக்கிறார், அவரைப் பற்றி எழுதலாமா? எர்னோவின் தாய் மறதி நோயில் கிடந்து 1986 ஏப்ரலில் இறந்தார். இறந்த சில நாட்களிலேயே தாயைப் பற்றிய நூலைத் தொடங்கி 1988இல் வெளியிட்டார். ஆனால் நோய்க்காலத்தில், மருத்துவமனைக்குப் போய்வந்த நாட்களில், அப்போதைக்கப்போது கிறுக்கி வைத்த குறிப்புகளை அதில் சேர்க்கவில்லை. தாய் உடுப்பு கலைந்து, யார் என்று தெரியாமல் பேசிய நாட்களின் குறிப்புகள் அவை. அவற்றை வெளியிடவே போவதில்லை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார். 1997இல் திருத்தாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். ஒரு தாய்க்கு ஒரே ஒரு சித்திரம் போதும் என்று விட்டுவிட மனம் வரவில்லை, முதல் நூலின் ஒழுங்கைக் கலைக்கும் இன்னொன்றும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

ஆகவே அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். எழுதுங்கள், இன்றே எழுதுங்கள், அம்மா சொல்லும் சொல்லை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், தேதி போட்டு வையுங்கள். வெளியிடுவது தனி முடிவு. அதை இன்று எடுக்க வேண்டியதில்லை, பத்து ஆண்டுகள் கழித்தும் எடுக்கலாம். அதற்கு முன் அம்மாவுக்கே ஒரு பகுதியைப் படித்துக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் குறுக்கிட்டு, இல்லையடி, அது அப்படி நடக்கவில்லை என்கிறாரோ, அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.